இணையக் காவலும் அதன் ஆட்களும்

இலங்கையில் இணையப் பாதுகாப்பு அணிகளை இன்று நடத்தும் தலைமுறையில் பெரும்பாலானோர் அந்தப் பெயரில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அல்லர். கணினி திருத்துபவராக, அலுவலகங்களுக்கு வலையமைப்புக் கம்பி இழுப்பவராக, வங்கியில் தரவு பதிபவராக, தனியார் வகுப்பில் கணினி சொல்லிக்கொடுப்பவராகத் தொடங்கினார்கள். மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் நோக்கிச் செல்லும் திருகோணமலை வீதியில், வாவியை ஒட்டியிருக்கும் தன்னாமுனை போன்ற ஊர்களில் இந்தத் தொடக்கமும் பிந்தியே வந்தது. யுத்த காலத்தில் மின்சாரத்தையும் தொலைபேசியையும் நம்பியிருக்க முடியாத பிரதேசம் அது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் கணினி வகுப்புகளும், கொமினிகேஷன் கடைகளில் இணைய வசதியும் பரவலாயின. இத்தொழிலின் இருபது ஆண்டுகளை அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், கருவிகளின் கதையை விட ஆட்களின் கதையே பெரிதாகத் தெரிகிறது. வழமைக்கு மாறான ஒன்றைக் கவனிக்கும் ஊழியர், அதைப் பயமில்லாமல் சொல்ல இடம் கொடுக்கும் தலைவர் என்ற இரண்டு பேர் இருந்த இடங்கள் தப்பின. அவர்களில் ஒருவர் இல்லாத இடங்கள் விழுந்தன.

கிழக்கில் இந்த வேலைக்கான முதல் வாசலைத் திறந்தது ஒரு பேரழிவு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மட்டக்களப்புக்கு வந்த தொண்டு நிறுவனங்கள் வாடகை வீடுகளில் அலுவலகம் திறந்தன. மடிக்கணினிகளும் செய்மதித் தட்டுகளும் வந்திறங்கின. அவற்றைப் பராமரிக்க ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். உயர்தரம் எழுதிவிட்டு ஆறு மாத டிப்ளோமா முடித்தவர்கள் அந்த வேலைகளில் சேர்ந்தார்கள். மின்பிறப்பாக்கி நின்றாலும், இணைப்பு அறுந்தாலும், பென் டிரைவ் வழியாக வைரஸ் பரவினாலும் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஒருவர்தான். உதவிக்குக் கூப்பிடக் கொழும்பில் ஆள் இருந்தாலும் அவர் வந்துசேர ஒரு நாளாகும்.

அந்த வேலை மூன்று பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தது. எந்தக் கணினி எந்த அறையில் யாரிடம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருப்பது முதலாவது. முக்கிய கோப்புகளின் பிரதியை வேறொரு கட்டடத்தில் வைப்பது இரண்டாவது. மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களைக் காலம் தாழ்த்தாமல் போடுவது மூன்றாவது. 2003 ஓகஸ்டில் உலகைச் சுற்றிய பிளாஸ்டர் என்ற கணினிப் புழுவுக்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் அதற்கு முந்திய மாதமே வெளியிட்டிருந்தது. 2008 நவம்பரில் தோன்றிய கொன்ஃபிக்கருக்கான திருத்தம் ஒக்டோபரிலேயே வந்துவிட்டது. தொலைபேசிக் கம்பி வழி இணைப்பில் அத்தகைய திருத்தத்தை இறக்க ஓர் இரவு போதாது என்பதால், கொழும்புக்குப் போய்வருபவரிடம் சொல்லி இறுவட்டில் கொண்டுவந்து ஒவ்வொரு கணினியாகப் போட்டார்கள். பிற்காலத்தில் பெரிய வங்கிகளின் கணக்காய்வாளர்கள் கேட்ட கேள்விகளும் இந்த மூன்றையே சுற்றிவந்தன.

தேசிய அளவில் இத்துறைக்கு அமைப்பு வடிவம் வந்தது அதே ஆண்டுகளில்தான். உலக அளவில் அது முன்பே தொடங்கியிருந்தது. 1988 நவம்பரில் மொரிஸ் புழு அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளை முடக்கிய பிறகு, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உலகின் முதலாவது கணினி அவசர உதவி அணி உருவானது. நியூயோர்க்கின் சிட்டிகோர்ப் வங்கியில் 1994இல் கணினி வழிக் கொள்ளை நடந்தது. அதைத் தொடர்ந்து 1995இல் அவ்வங்கி ஸ்டீவ் காட்ஸ் என்பவரைத் தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரியாக நியமித்தது. உலகில் அந்தப் பதவியை வகித்த முதலாமவராக அவரே குறிப்பிடப்படுகிறார். இலங்கையில் 2006 ஜூலையில், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமான இக்டாவின் கீழ் இலங்கை சேர்ட் என்ற அவசர உதவி அணி தொடங்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தோடும் எல்கே டொமைன் பதிவகத்தோடும் தொடர்புடைய டெக்சேர்ட் அணியும் அந்தக் காலத்தில் வளர்ந்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2015இல் இலங்கை இணையக் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இணைந்தது. தெற்காசியாவில் அதில் முதலில் சேர்ந்த நாடு இலங்கையே.

யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு தொண்டு நிறுவன அலுவலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அங்கே பயின்ற இளைஞர்களில் சிலர் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். சிலர் கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, வங்கிகளிலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் சேர்ந்தார்கள். வங்கிகள் வடக்கு கிழக்கில் புதிய கிளைகளைத் திறந்துகொண்டிருந்த காலம் அது. தானியங்கி இயந்திரங்கள் கூடின, அட்டை மோசடிகளும் கூடின. 2014இல் வங்கிகளுக்கென ஒரு தனி அவசரப் பதிலளிப்பு அணி லங்காகிளியர் நிறுவனத்தில் அமைந்தது. வங்கிகள் பாதுகாப்பு என்ற பெயரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கின. கம்பி இழுத்தவரும் வைரஸ் துடைத்தவரும் அப்போதுதான் புதிய பதவிப் பெயர் பெற்றார்கள்.

இத்துறையில் ஒரு சாதாரண ஊழியரின் கண் எவ்வளவு பெறுமதியானது என்பதை 2016 பெப்ரவரி காட்டியது. அந்த மாதம் 4ஆம் திகதி இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்திருந்தவர்கள் அந்த வங்கியின் பெயரில் நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 பணப் பரிமாற்றக் கட்டளைகளை அனுப்பினார்கள். மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடி டொலர். பெரும்பாலானவை நியூயோர்க்கிலேயே நிறுத்தப்பட்டன, ஐந்து கட்டளைகள் நிறைவேறின. 8.1 கோடி டொலர் மணிலாவிலுள்ள ஒரு வங்கிக்குப் போனது. 2 கோடி டொலர் கொழும்பில் பான் ஏசியா வங்கியிலிருந்த ஓர் அமைப்பின் கணக்குக்கு வந்தது. பெறுநரின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் எழுத்துப்பிழையோடு இருந்தது. அவ்வளவு பெரிய தொகை இலங்கையில் ஒரு சிறிய கணக்குக்கு வருவதும் வழமையானதல்ல. இடையிலிருந்த டொய்ச் வங்கிக்கும் கொழும்புக்கும் இடையே விளக்கம் கேட்கப்பட்டது, பணம் திரும்பிப் போனது. மணிலாவுக்குப் போன தொகையில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்துவிட்டது.

அதே சம்பவத்தின் மறுபக்கம் டாக்காவில் நடந்தது. பரிமாற்றங்களைத் தாளில் பதியும் அச்சு இயந்திரம் மறுநாள் வேலை செய்யவில்லை. அது வழக்கமான கோளாறு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. கொள்ளையர்கள் அந்த இயந்திரத்தை முடக்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஓரிடத்தில் ஒரு சிறு வித்தியாசம் கேள்வியாக மாறியது, இன்னோர் இடத்தில் சிறு வித்தியாசம் சிறு வித்தியாசமாகவே விடப்பட்டது. அந்த ஆண்டிலிருந்து இலங்கை வங்கிகளில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் தேவைப்படவில்லை. பணப் பரிமாற்ற மேசையில் இருக்கும் இளநிலை உத்தியோகத்தர் ஒருவர், “சேர், இதில ஏதோ சரியில்லை போல இருக்கு” என்று சொல்லும்போது முகாமையாளர் என்ன பதில் சொல்கிறார் என்பதில் அந்த வங்கியின் பாதுகாப்பு பாதி அடங்கியிருக்கிறது. முதல் தடவை எரிந்து விழுந்தால், இரண்டாவது தடவை அவர் சொல்லமாட்டார்.

நாட்களைக் கவனித்தால் இன்னொரு பாடமும் கிடைக்கும். பங்களாதேஷில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அதைத் தொடர்ந்த திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு. கொள்ளை அந்த இடைவெளிக்குள் திட்டமிடப்பட்டிருந்தது. கூகுளின் இலங்கை முகவரி உட்படச் சில எல்கே முகவரிகள் 2021 பெப்ரவரி 6ஆம் திகதி வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. அது ஒரு சனிக்கிழமை. ஆகவே பாதுகாப்புக் கண்காணிப்பு அறையில் விடுமுறை நாள் என்பது கூடுதல் ஆள் இருக்கவேண்டிய நாள்.

இந்த இடத்தில் கிழக்கிலிருந்து வந்த தலைவர்களுக்கு ஓர் அனுபவம் கைகொடுத்தது. தன்னாமுனையில் கத்தோலிக்கக் குடும்பங்கள், அடுத்தடுத்த ஊர்களில் சைவக் குடும்பங்கள், ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் என்று கலந்து வாழும் பிரதேசத்தில் ஒருவரின் பெருநாளில் மற்றவர் கடையைப் பார்த்துக்கொள்வது புதிதல்ல. கண்காணிப்பு அணியின் முறைமாற்று அட்டவணையையும் அப்படி அமைத்தார்கள். நத்தாருக்கு ஒரு குழு, தைப்பொங்கலுக்கு ஒரு குழு, நோன்புப் பெருநாளுக்கு ஒரு குழு, வெசாக்குக்கு ஒரு குழு எனப் பொறுப்பு மாறியது. சித்திரைப் புத்தாண்டில் தமிழரும் சிங்களவரும் ஒன்றாக ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரத்தை முஸ்லிம், கிறிஸ்தவ ஊழியர்கள் மனமுவந்து ஏற்றார்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணை வெளியாகும் அணியில் கடைசி நேரச் சண்டை இருக்காது. ஒரே இனத்தவரை, ஒரே பாடசாலைக்காரரைச் சேர்த்துக் கட்டிய அணிக்கு இந்த வசதி கிடையாது.

கண்காணிப்பு அறைதான் இன்று இத்தொழிலில் பலருக்கும் முதல் படி. முதல் நிலை ஊழியர் திரையில் வரும் எச்சரிக்கைகளைப் பார்த்து, பொய்யானவற்றைத் தள்ளி, சந்தேகமானவற்றை மேலே அனுப்புகிறார். இரண்டாம் நிலையில் உள்ளவர் அவற்றை ஆராய்கிறார். மூன்றாம் நிலையில் உள்ளவர் இன்னும் எச்சரிக்கையே வராத ஊடுருவலைத் தேடுகிறார். காகிதத்தில் இது ஒழுங்காக இருக்கும். நடைமுறையில் முதல் நிலை ஊழியர் ஓர் இரவில் பல நூறு எச்சரிக்கைகளைப் பார்க்கிறார், பெரும்பாலானவை பொய். விடியற்காலை மூன்று மணிக்குக் கண் பழகிப்போகிறது. அந்தக் களைப்புக்கு ஊழியரைக் குறைசொல்வது பயனற்றது. எந்த விதி அதிகப் பொய் எச்சரிக்கை தருகிறது என்று வாராவாரம் பார்த்து அதைத் திருத்துவது தலைவரின் வேலை.

எச்சரிக்கையைக் கண்டும் பயனில்லாமல் போனதற்கு டார்கெட் நிறுவனத்தின் அனுபவம் நல்ல உதாரணம். அமெரிக்காவின் அந்தச் சில்லறை வணிக நிறுவனத்துக்காகப் பெங்களூரில் ஓர் அணி கண்காணிப்பு நடத்தியது. 2013 நவம்பர் 30ஆம் திகதி தீய மென்பொருள் நுழைந்ததைக் கருவி காட்டியது. பெங்களூர் அணி அதை மினியாபொலிஸில் இருந்த தலைமை அணிக்கு அறிவித்தது. உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளரின் அட்டைத் தரவுகள் களவுபோயின. எச்சரிக்கையை அனுப்புபவர் தொலைவில், வேறு நேர வலயத்தில், வேறு நாட்டில் இருக்கும்போது அவர் குரலின் எடை குறைந்துவிடுகிறது. தெற்காசிய ஊழியர்கள் இந்த உண்மையை நன்கு அறிவார்கள். இதற்கான தீர்வும் அனுபவத்தில் கண்டதே. எந்த வகை எச்சரிக்கைக்கு யாரை எழுப்ப வேண்டும், அவர் எத்தனை நிமிடத்துக்குள் பதில் தரவேண்டும், தராவிட்டால் அடுத்து யார் என்பதை முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் வாங்கி வைக்கவேண்டும். இளநிலை ஊழியர் நள்ளிரவில் பணிப்பாளரை எழுப்பி, பிறகு அது பொய் எச்சரிக்கை என்று தெரியவந்தாலும், மறுநாள் அவருக்கு நன்றி சொல்லவேண்டும். அந்த ஒரு நன்றி முழு அணிக்கும் கேட்கும்.

யாரை வேலைக்கு எடுப்பது என்பதில் காலம் ஒரு தெளிவைக் கொடுத்தது. கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் 1986இல், கணினிப் பாவனைக் கணக்கில் 75 சதம் இடித்ததை விடாமல் துரத்திய கிளிஃபர்ட் ஸ்டோல் ஒரு வானியலாளர். அந்தத் தேடல் சோவியத் உளவு அமைப்புக்குத் தகவல் விற்ற ஜேர்மன் ஊடுருவிகளிடம் போய் முடிந்தது. 2024 மார்ச்சில், தொலைக் கணினியில் நுழைய வழமையைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்த மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர் அன்ட்ரெஸ் ஃபிரொய்ன்ட், எக்ஸ்இசட் என்ற பொதுவான லினக்ஸ் மென்பொருளுக்குள் ஒளித்துவைக்கப்பட்ட கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். பாதுகாப்பு என்பது அவருடைய பதவியின் பெயரில் இல்லை. ஆகவே நேர்முகத் தேர்வில் கருவிகளின் பெயர்களைக் கேட்பதை விட, ஒரு சிறு பதிவேட்டுத் துண்டைக் கொடுத்து, ‘இதில் உமக்கு வித்தியாசமாகப் படுவது எது’ என்று கேட்பது அதிகம் சொல்லும். கணக்கியல் படித்தவர்கள், வங்கிக் காசாளராக இருந்தவர்கள், வைத்தியசாலைப் பதிவேடு பார்த்தவர்கள் இந்தச் சோதனையில் பலமுறை கணினிப் பட்டதாரிகளை முந்தியிருக்கிறார்கள்.

திறமையுள்ள பிள்ளைகளை எப்படி முறையான வழிக்குக் கொண்டுவருவது என்ற இன்னொரு கேள்வி 2016 ஓகஸ்டில் எழுந்தது. அப்போதைய ஜனாதிபதியின் அதிகாரபூர்வ இணையத்தளத்துக்குள் யாரோ நுழைந்து, உயர்தரப் பரீட்சைக் காலம் பற்றிய கோரிக்கையையும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைது செய்தது 17 வயதுப் பாடசாலை மாணவனை. ஆர்வமும் திறமையும் உள்ள பிள்ளைக்கு முறையான வழி கண்ணில் படாவிட்டால் இப்படித்தான் நடக்கும் என்பதைத் துறையில் உள்ளவர்கள் அப்போது உணர்ந்தார்கள். சட்டம் தெளிவானது. கதவு திறந்திருந்தாலும் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். தொழில்முறை ஊடுருவல் சோதனை செய்பவர்கூட எந்த முகவரியை, எந்த நாட்களில், எந்த முறையில் சோதிக்கலாம் என்று எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே விசைப்பலகையைத் தொடுகிறார். பழகுவதற்கு வேறு இடங்கள் உண்டு. சொந்தக் கணினிக்குள் மெய்நிகர் இயந்திரங்களை நிறுவலாம். ஓவாஸ்ப் அமைப்பு வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்து இலவசமாகத் தரும் ஜூஸ் ஷொப் என்ற பயிற்சித் தளத்தைத் தாக்கிப் பார்க்கலாம். ஒளித்துவைத்த குறிகளைத் தேடும் ‘கொடி பிடிக்கும்’ போட்டிகளில் சேரலாம். கிராமப் பாடசாலைப் பிள்ளைக்கு இந்தத் தகவலை வேளைக்குக் கொடுப்பது, பின்னர் ஒரு வழக்கைத் தவிர்க்கும்.

சான்றிதழ்கள் இத்தொழிலில் கதவைத் திறக்கின்றன, உள்ளே நிலைக்க வைப்பதில்லை. அதிகம் மதிக்கப்படும் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்குப் பரீட்சையில் தேறுவது மட்டும் போதாது, ஐந்து ஆண்டு வேலை அனுபவமும் காட்டவேண்டும். 2022இல் அதன் கட்டணம் 749 டொலராக இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டபோது, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாயாக இருந்த அந்தத் தொகை சில வாரங்களில் இரண்டரை இலட்சத்தைத் தாண்டியது. புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு அது பல மாதச் சம்பளம். நிறுவனம் கட்டணத்தை ஏற்று, பதிலுக்கு இரண்டு ஆண்டு வேலை செய்யச் சொல்லும் உடன்பாடு பல இடங்களில் வந்தது. அந்த நேரத்தில் நல்ல தலைவர்கள் இன்னொன்றையும் செய்தார்கள். தேறியவரைக் கொண்டு அலுவலகத்திலேயே வகுப்பு நடத்தி, ஒருவரின் கட்டணத்தில் ஐந்து பேருக்குப் படிப்பைக் கொண்டுசேர்த்தார்கள்.

2022ஆம் ஆண்டு அணிகளைக் கலைத்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. டீசல் இல்லாமல் மின்பிறப்பாக்கிகள் நின்றன. பெற்றோல் வரிசையில் இரவு முழுவதும் நின்ற ஊழியர் காலையில் வேலைக்கு வந்தார். சிங்கப்பூர், அவுஸ்திரேலியா, டுபாய், கனடா என்று அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். ஓர் அணியின் முழு அறிவும் இரண்டு பேரின் தலைக்குள் இருந்தால், அந்த இருவரும் போகும் நாளில் அணி வெறுமையாகிறது. இதைக் கண்ட பிறகு, ஒவ்வொரு சம்பவத்துக்கும் என்ன செய்யவேண்டும் என்று படிப்படியாக எழுதிவைக்கும் வழக்கம் இறுகியது. எழுதியதை வேறொருவர் செய்துபார்த்துச் சரி என்று சொன்னால்தான் அது முடிந்த வேலை. போகிறவரை மனக்கசப்போடு அனுப்பாமல், விருந்து வைத்து அனுப்பிய அணிகளுக்குப் பின்னர் பலன் கிடைத்தது. டொரொன்டோவிலோ மெல்பேர்னிலோ இருந்தபடி பழைய சகாக்களுக்கு இரவில் தொலைபேசியில் வழிசொன்னவர்கள் அவர்கள்தான்.

2023இல் நாடு முழுவதையும் உலுக்கிய பாடம் வந்தது. ஓகஸ்ட் 26ஆம் திகதியளவில் லங்கா அரச மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. ஜீஓவி.எல்கே முகவரிகளைப் பாவித்த ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அவற்றில் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. இயங்கிக்கொண்டிருந்த தொகுதியோடு இணைந்திருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அந்தக் காலத்தின் மின்னஞ்சல்களுக்கு, தொகுதியோடு இணைக்காமல் தனியே வைத்த பிரதி இருக்கவில்லை. பாவனையில் இருந்த எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளுக்கு மைக்ரோசொஃப்ட் அந்த ஆண்டு ஏப்ரலில் ஆதரவை நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கும் திட்டம் நிதிப் பற்றாக்குறையால் பிந்தியதாக அதிகாரிகள் விளக்கினார்கள்.

மட்டக்களப்பில் வாடகை வீட்டு அலுவலகத்தில் பிரதியை வேறு கட்டடத்தில் வைத்தவர்களுக்கு இதன் சாரம் புதிதல்ல. பிரதி எடுப்பது பாதி வேலை, அதிலிருந்து மீட்டுப் பார்ப்பதே மீதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்புத் தொகுதியைத் தெரிந்தெடுத்து, வெற்றுக் கணினியில் மீட்டு, எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று குறித்துவைக்கும் அணி தாக்குதல் நாளில் பதறாது. அந்தப் பயிற்சியை ஒவ்வொரு முறையும் வேறொரு இளநிலை ஊழியரிடம் ஒப்படைப்பது நல்லது. பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குப் பெயர் சொல்ல முடியாத எந்த வேலையும் கடைசியில் நடப்பதில்லை.

நிர்வாகத்தோடு பேசுவது தலைமையின் கடினமான பகுதி. பணிப்பாளர் சபைக்கு ஓட்டைகளின் எண்ணிக்கை விளங்காது, விளங்கவேண்டிய தேவையும் இல்லை. கிளைகள் ஒரு நாள் மூடினால் இழப்பு எவ்வளவு, வாடிக்கையாளர் தரவு வெளியானால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் கடமை என்ன, அதைத் தடுக்க வேண்டிய செலவு எவ்வளவு என்று ரூபாயில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது வழக்கமானது. உண்மையை மறைக்க உடன்படுவது எவ்வளவு ஆபத்து என்பதை ஊபர் வழக்கு காட்டியது. 2016இல் நடந்த தரவுத் திருட்டை மறைத்ததற்காக அதன் முன்னாள் பாதுகாப்புத் தலைவர் ஜோ சலிவனை 2022 ஒக்டோபரில் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது.

ஒரு சம்பவம் முடிந்த பிறகு நடக்கும் கூட்டம் அணியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. யார் அந்தப் போலி மின்னஞ்சலைத் திறந்தது என்று தேடும் கூட்டம் ஒருவரை அழவைத்துவிட்டு முடியும், அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்த மின்னஞ்சல் எப்படி உள்ளே வந்தது, திறந்தவர் எத்தனை நிமிடத்தில் அறிவித்தார், அறிவித்த பிறகு யார் என்ன செய்தார் என்று வரிசையாகக் கேட்கும் கூட்டத்தில் உண்மை வெளிவரும். திறந்த ஐந்து நிமிடத்தில் தானாக வந்து சொன்ன எழுதுவினைஞர், நிறுவனத்தைக் காப்பாற்றியவர்களில் ஒருவர்.

சொல்லும் துணிவோடு சொல்லும் மொழியும் சேர்ந்தே வருகிறது. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் விழிப்புணர்வுப் பாடங்கள் நெடுங்காலம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலுமே இருந்தன. மட்டக்களப்பு, காத்தான்குடி, வாழைச்சேனைக் கிளைகளில் அவற்றைப் பார்த்தவர்கள் கேள்வி கேட்காமல் கையொப்பம் வைத்தார்கள். அதே பாடத்தைத் தமிழில், ஊரில் நடந்த மோசடிகளை உதாரணமாக வைத்து நடத்தியபோது அறிவித்தல்கள் கூடின. வெளிநாட்டிலிருந்து பொதி வந்திருக்கிறது, சுங்கவரி கட்டவேண்டும் என்று ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. தெரிந்தவரின் வட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றி, ‘அவசரம், காசு போடுங்கள்’ என்று கேட்கிறார்கள். பரிசு விழுந்திருக்கிறது என்று கூறி ஒருமுறைக் கடவு இலக்கத்தை வாங்கிவிடுகிறார்கள். மத்திய கிழக்கிலிருந்து மகள் அனுப்பும் பணத்தில் வாழும் தாய் இவற்றில் எதற்கும் எளிதில் அகப்படுவார். இலங்கை சேர்ட்டுக்கு வரும் முறைப்பாடுகளிலும் மிகப் பெரும்பகுதி சமூக வலைத்தளங்கள் தொடர்பானவை. வங்கிக் கிளையில் தமிழ் பேசும் ஓர் உத்தியோகத்தர், ‘அம்மா, இந்தக் காசை யாருக்குப் போடுறீங்க’ என்று ஒரு முறை கேட்பது, விலையுயர்ந்த கருவிகள் தடுக்காத இழப்பைத் தடுத்திருக்கிறது.

2020இல் கொவிட் வந்து எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்த பிறகு, இத்தொழிலுக்குக் கொழும்பு கட்டாயம் என்ற நிலை தளர்ந்தது. இரவு முறைக்கு ஓட்டோ பிடித்துப் போகவேண்டிய அச்சத்தால் விலகிய பெண்கள் பலருக்கு வீட்டிலிருந்தே கண்காணிப்பு வேலை செய்ய முடிந்தது. நல்ல இணைப்பும் மின்கல மாற்று வசதியும் இருந்தால், தன்னாமுனையில் இருந்துகொண்டே கொழும்பு நிறுவனத்துக்கோ வெளிநாட்டு நிறுவனத்துக்கோ பணிபுரியலாம். தலைவருக்கு இது புதிய கடமையைத் தந்தது. திரைக்கு அப்பால் தனியாக இருக்கும் புதிய ஊழியருக்கு ஒரு மூத்தவரைப் பொறுப்பாக்கி, ஒவ்வொரு முறையின் முடிவிலும் இருவரும் பத்து நிமிடம் பேச வைக்காவிட்டால், அவர் சந்தேகங்களைக் கேட்காமலே விட்டுவிடுவார்.

இன்று வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, மட்டக்களப்பு உயர் தொழில்நுட்ப நிறுவனத்திலோ படித்துவிட்டு இத்துறைக்கு வர விரும்புபவருக்கு வரிசை ஓரளவு தெளிவாகிவிட்டது. முதலில் வலையமைப்பு, ஒரு பொதி தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போகிறது என்று கையால் வரைந்து காட்டும் அளவுக்கு. அடுத்தது லினக்ஸ். அதன் பிறகு பைதன் போன்ற ஒரு மொழியில் சிறு வேலைகளைத் தானியங்கியாக்கும் பழக்கம். இவற்றோடு கண்டதைச் சுருக்கமாக, ஒழுங்காக எழுதும் திறமை. அறிக்கை எழுதத் தெரியாத நிபுணரின் கண்டுபிடிப்பு எவருக்கும் போய்ச்சேராது. முதல் மூன்று ஆண்டுகளில் சம்பளத்தை விட, நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் மேலதிகாரியைத் தேடுவது இலாபம். ஐந்தாம் ஆண்டளவில் ஆய்வாளராக ஆழமாகப் போவதா, அணியை நடத்துவதா என்று தீர்மானிக்க வேண்டிவரும். இரண்டும் மதிப்பான பாதைகள். ஆள் வளர்ப்பதில் மகிழ்ச்சி காணாதவர் தலைமைப் பதவியை ஏற்காதிருப்பது அவருக்கும் அணிக்கும் நல்லது.

தலைமையின் கடைசி வேலை விலகுவதற்கு ஆயத்தமாவது. பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே தனக்குப் பின் வரக்கூடிய இருவரை இனங்கண்டு, பணிப்பாளர் சபைக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்துச் செல்லவேண்டும். விடுமுறையில் போகும்போது பொறுப்பை முழுதாக ஒப்படைத்து, தொலைபேசியில் தலையிடாமல் இருக்கவேண்டும். இரண்டு வாரம் தலைவர் இல்லாமல் ஒரு சம்பவத்தைச் சமாளித்து, நடந்ததை மறைக்காமல் எழுதிவைத்த அணியை அடுத்தவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.